கப்பலேறிப் போனவரின் வாரிசுகளைத் தேட எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்களுக்குப் பண்ருட்டி பக்கம். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கல்யாணத்துக்கு முன்பே கரும்புத் தோட்ட வேலைக்கு நெட்டாலுக்குப் போனாராம். இரண்டு கடிதம் வந்ததோடு சரி. தென்னாப்பிரிக்காவில் அவர் வாரிசுகள் இருந்தால் பார்க்க ஆசை. டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளலாமா? (ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்)

பதில்: டிஎன்ஏ இப்போதைக்கு வேண்டாம்மா. அந்தப் பக்கத்து வாரிசும் பரிசோதனை செய்துகொண்டு, நீங்கள் செய்துகொள்ளும் நிறுவனத்தின் தளத்திலேயே இருந்தால்தான் அதில் ஏதாவது தெரியும். உங்கள் விஷயத்தில் காகிதமே நிறையச் சொல்லும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911-ல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை சுமார் 1,52,000 பேர் நெட்டாலுக்குப் போனார்கள். ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்று கப்பல் பட்டியலில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரியான கங்காணியோடு மலேயாவுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு இப்படி ஒரு பிடி கிடைப்பது அபூர்வம்.

ஆனால் போனவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலில் இறங்காதீர்கள், முனுசாமியும் வீராசாமியும் அதில் ஏராளம். அவருடைய அப்பா பெயர் வேண்டும். அதற்கு வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள், உங்களிடம் இல்லாவிட்டால் பங்காளி வீடுகளில் கேளுங்கள், யார் மகன் யார் என்று அதில் எழுதியிருப்பார்கள், ஊரில் இல்லாத தம்பியின் பங்கு என்ன ஆனது என்பதுகூடச் சில சமயம் இருக்கும். அப்புறம் குலதெய்வக் கோயிலுக்கு வரி வசூலிக்கிற பெரியவரைப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பத்திரம் காத்திருக்கும், எண்பது வயதுக்காரரின் ஞாபகம் காத்திருக்காது.

பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நெட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. தேடும்போது கடலூர் மாவட்டம் என்று தேடாதீர்கள், அது 1993-ல் வந்தது. அன்றைக்கு ஜில்லா தென் ஆற்காடு, பண்ருட்டி இருந்தது கடலூர் தாலுகாவில். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே பெயர் நாலு விதமாக இருக்கும், அத்தனையையும் போட்டுப் பாருங்கள். அப்பா பெயரும் ஊரும் பொருந்தி, சாதி மட்டும் வேறாக இருந்தால் அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணமும் இருந்திருக்கும்.

எண் கிடைத்துவிட்டால் அதுதான் இனி அவருடைய அடையாளம், பின்னால் வந்த பதிவுகளிலும் அது தொடரும். பெயர் அப்படியில்லை. அங்கே பலருக்கு முன்னோரின் தனிப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது, பெருமாள், முனுசாமி என்று. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது. அதனால் உங்கள் வீட்டுப் பட்டப்பெயரை மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அவர் சொத்து வைத்துவிட்டு இறந்திருந்தால் பெற்றோர், பிள்ளைகள் பெயரோடு இறப்பு அறிவிப்பு இருக்க வாய்ப்பு உண்டு, குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம்.

இன்னொன்று, அவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்காகவே கப்பல் பட்டியல் நகல் எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் டர்பனில் உண்டு. பெயர்கள் கைக்கு வந்ததும், ஊர் பெயரையும் அப்பா பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி, அங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு அனுப்புங்கள்.