இணையத்தில் மட்டும் பழகிய நண்பர்களோடு இசை, பண்பாடு, சமூகம் பற்றிப் பேசி உங்கள் கருத்து எப்போதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 7 நிமிடக் குரல் பதிவு ஒன்றால்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஈரோடு பக்கம், ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2019-ல் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஆபேரி ராகமா, அதை ஒத்த இந்துஸ்தானி ராகமான பீம்பிளாஸா என்று இணையத்தில் கிளம்பிய சண்டையில் அறிமுகமான 14 பேர் சேர்ந்து டெலிகிராமில் ஒரு குழு தொடங்கினோம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, அது வேறு கதை. கும்பகோணம் பக்கத்தில் ஒருவர், யாழ்ப்பாணம் இணுவிலில் ஒருவர், மலேசியாவில் கிள்ளானில் ஒருவர், மற்றவர்கள் சென்னை, பெங்களூரு, டொராண்டோ. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பாதிப் பேருக்கு உண்மைப் பெயர் என்னவென்றே தெரியாது. ஒருவர் கடம் படம் வைத்திருப்பார், இன்னொருவர் பூனைப் படம்.

இப்படி முகம் தெரியாமல் இருந்ததில் எனக்கு ஒரு பெரிய நிம்மதி இருந்தது. ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊருங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து "அங்க யாரு வீடு?" அதற்கும் பிடி கிடைக்காவிட்டால் "எந்த வீதி?" அந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். எங்கள் குழுவில் மூன்று வருடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததால் எல்லாவற்றையும் சுதந்திரமாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் பேசுகிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

2022-ல் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து இரவு குழுவில் இப்படி எழுதினேன்: "நாயனக்காரர் ரிசப்ஷன் முழுக்க சினிமாப் பாட்டுதான் வாசித்தார். ஒரு கீர்த்தனை இல்லை, ஒரு ஆலாபனை இல்லை. பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டியவர்களே இப்படிச் செய்தால் என்ன செய்வது?" பத்துப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். கும்பகோணத்து நண்பர் மட்டும் பதிலே போடவில்லை. வழக்கமாக முதல் ஆளாக வருபவர். இரண்டு நாள் கழித்து அந்தக் குரல் பதிவு வந்தது.

"அண்ணே, பாரம்பரியம் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்கப்பா நாயனம் வாசிக்கிறவரு. இத்தனை நாள் சொன்னதில்ல, சொல்ல வேண்டிய அவசியம் வரல. கல்யாணத்துல காலைல நாலரை மணிக்கு அப்பா பூபாளம் வாசிப்பாரு. அப்ப மண்டபத்துல முழிச்சிருக்கறது சமையக்காரங்க மட்டும்தான். சாயங்காலம் எவனாச்சும் போனைக் கொண்டாந்து அவரு காதுல வெச்சு, இந்தப் பாட்டை வாசிங்கம்பான். வாசிக்கலேன்னா அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. நீங்க மேளத்துக்கு முன்னாடி எத்தனை நிமிஷம் உக்காந்திருந்தீங்க? மண்டபத்துல நாற்காலியெல்லாம் எந்தப் பக்கம் பாத்துப் போட்டிருந்துச்சு, யோசிச்சுப் பாருங்க."

நாற்காலி எல்லாம் மேடையைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். மேளம் வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு விடும் இடத்தை ஒட்டி, ஒரு ஜமக்காளத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் போனது கை கழுவப் போனபோது மட்டும்தான்.

அந்தப் பதிவின் பின்னணியில் "பீ… பீக்" என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஏதோ குழந்தை ஊதல் வைத்து விளையாடுகிறது என்று நினைத்தேன். அவர் அப்பா சீவாளியைச் சோதித்துப் பார்க்கிறார் என்று அப்புறம் சொன்னார். சீவாளி என்பது நாயனத்தின் வாய்ப்பக்கம் செருகும் நாணல் துண்டு. அதை எச்சிலில் நனைத்து, பதம் பார்த்து, சரியாக வரும்வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மேடையில் பாதியில் சீவாளி மக்கர் செய்தால் மாற்றுவதற்காக உதிரிச் சீவாளிகளையும், அதைச் சரிசெய்ய ஒரு ஊசியையும் நூலில் கோத்து நாயனத்தின் கழுத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். நாற்பது வருடமாகக் கல்யாணம், கோயில் என்று அதைப் பார்த்திருக்கிறேன். அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்! இசை பற்றிக் குழுவில் நீட்டி நீட்டி எழுதுகிற ஆள் நான்.

அதன் பிறகு அவர் நிறையச் சொன்னார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்கிறார்கள், 2022-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ஆச்சா மரத்தில்தான் செய்ய வேண்டும், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நன்கு காய்ந்த மரம். ஒரு வீட்டைத் தாங்கிய உத்திரம் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் தோடி ராகம் வாசிக்கும். (இது என் வசனம், அவருடையது இல்லை. அவர் இப்படியெல்லாம் பேச மாட்டார்.) நாயனக்காரர்கள் சுவாமி புறப்பாட்டில் நின்றும் நடந்தும் வாசித்து வந்தவர்கள். வாய்ப்பாட்டு வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்று சாதித்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1956-ல் காலமானார். அவருடைய தோடியை நான் எத்தனையோ முறை குழுவில் பகிர்ந்திருக்கிறேன். உட்காருவதற்கு அவர் எதற்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது என்று ஒரு முறையும் யோசித்ததில்லை.

நண்பர் நாயனம் கற்கவில்லை. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். "அப்பாவே வேணாம்னுட்டாருண்ணே" என்றார், அவ்வளவுதான்.

குழுவில் அன்று பேச்சு சூடாகிவிட்டது. கிள்ளான் நண்பர் என்னைத்தான் பிடித்தார். மலேசியாவில் கோயில் திருவிழாவென்றால் இளைஞர்கள் சேர்ந்து உறுமி மேளம் அடிப்பார்கள். அந்தக் காணொளி ஒன்றை அவர் போட்டபோது "சத்தமாக இருக்கிறதே, பக்தி எங்கே?" என்று முன்பு ஒருநாள் கேட்டிருக்கிறேன். அதை ஞாபகம் வைத்திருந்தார். "எங்க உறுமிய சத்தம்னீங்க. இவரு அப்பாவோட நாயனத்த சினிமான்னீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்லா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இணுவில் தங்கை ஆச்சரியப்பட்டுப் போனார். (ஒருமுறை எங்கள் ஊர் வழக்கப்படி "அம்மிணி" என்று கூப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் அர்த்தம் சொல்ல வேண்டியதாயிற்று. அதிலிருந்து தங்கைதான்.) "உங்கட ஊரில மேளத்தை இருந்து கேக்கிறேல்லையோ அண்ணை? இஞ்ச திருவிழாவில தவில் சமா எண்டா சனம் விடிய விடியக் கோயில் வீதி மணலில இருந்து கேக்கும்" என்றார். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், தட்சணாமூர்த்தியின் தவில் என்று இணைப்புகளாகக் கொட்டினார். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி 1975-ல் இறந்தவர், நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். அந்தப் பழைய ஒலிநாடா இரைச்சலுக்குள்ளும் அந்த விரல்களின் வேகம் கேட்கிறது. நான் உடனே, "பாருங்கள், யாழ்ப்பாணத்தில் கலைஞர்களுக்கு எவ்வளவு மரியாதை!" என்று உணர்ச்சிவசப்பட்டேன். அதற்கு அவர் எழுதிய ஒரு வரி: "கேக்கிறது வேற, பெண் குடுக்கிறது வேற அண்ணை."

அன்று இரவு எனக்கு எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் ஞாபகம் வந்தன. கொங்குப் பக்கம் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடுவார்கள். கம்பர் எழுதியது என்று சொல்வது வழக்கம். பாடுபவர் ஊர் நாவிதர், எங்கள் பேச்சில் குடிமகன். நின்றுகொண்டு பாடுவார், அடி முடிகிற இடத்தில் மேளத்தில் ஒரு தட்டு விழும், மறுபடி பாடுவார். கல்யாணச் சீர் ஒவ்வொன்றும் அந்தப் பாட்டுக்குள் இருக்கும். என் கல்யாணத்திலும் ஒருவர் பாடினார். ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். 180 படங்களில் ஒன்றில்தான் அவர் இருக்கிறார், அதுவும் வலது தோளும் துண்டும் மட்டும். அம்மாவிடம் அவர் பெயர் என்ன என்று கேட்டேன். "அவரா, நம்ம குடிமகன்தான்" என்றார். பெயர் என்னவென்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவருடைய அப்பா பெயரைச் சொன்னார்.

இதைக் குழுவில் எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது, ஏனென்றால் எழுதினால் நான் எந்த வீதி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அனுப்பிவிட்டேன். யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. கும்பகோணத்து நண்பர், "மங்கல வாழ்த்து ரெக்கார்டிங் இருந்தா போடுங்கண்ணே, கேட்டதில்ல" என்று மட்டும் எழுதினார். என்னிடம் இருக்கவில்லை.

எல்லாம் சுமுகமாகவே போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். 2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி தன் உயரிய விருதான சங்கீத கலாநிதியை, கர்நாடக இசை உலகின் சாதியை விமர்சித்து வந்த பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவித்தது, எதிர்ப்புத் தெரிவித்துச் சில கலைஞர்கள் அந்த ஆண்டு மாநாட்டிலிருந்து விலகினார்கள். எங்கள் குழு அதில் கிழிந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேர் அகாடமி வாசலைக்கூட மிதித்ததில்லை, கேண்டீன் பற்றி மட்டும் எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு. ஆனாலும் இரண்டு வாரம் தூக்கம் கெட்டுச் சண்டை போட்டோம். நடுவில் யாரோ, நாதஸ்வரக்காரர்களுக்கு அந்த விருது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்க, ஒருவர் பெருமையோடு, "ஏன், 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கொடுத்தார்களே!" என்றார். கும்பகோணத்து நண்பர் எழுதினார்: "சட்டுனு ஒரு பேர சொல்ல முடியுதுல்ல, அதான் பிரச்சினையே."

விருது சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது என்பது என் கருத்து, சொன்னேன். மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். அதில் ஒருவர்தான் எனக்கு ராகம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். ஸ்வரங்களின் ஏறுவரிசையான ஆரோகணத்தைப் பார்க்காதே, ராகத்தின் முகம் தெரியும் பிடியைப் பார் என்று வருடக்கணக்காகப் பொறுமையாக விளக்கியவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல் அவருக்கு இருக்கிறதா தெரியவில்லை. பீம்பிளாஸ் கட்சிக்கு இருந்த ஒரே வலுவான ஆளும் அவர்தான், அந்தக் கட்சியே இப்போது படுத்துவிட்டது.

சண்டைக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கோபமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுவதில்லை, குரல் பதிவாகப் போடுகிறோம். சொந்தக் குரலைத் திரும்பக் கேட்டால் பாதியை நாமே அழித்துவிடுகிறோம்.

போன தை மாதம் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி மேளத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாட்டு ஏதாச்சும் வேணுங்களா?"

"இல்லீங்க, நீங்க வாசிங்க."

அவர் தவில்காரரைப் பார்த்தார். தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தார். கமிட்டி ஆளோ, காசு விஷயமாக ஏதும் பேச வந்திருக்கிறானோ என்ற சந்தேகம் இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. ஐந்து நிமிடம் ஏதோ சினிமாப் பாட்டையே இழுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம் சீவாளியை மாற்றினார், ஒரு ராகத்தை மெதுவாக ஆரம்பித்தார். கரகரப்பிரியா என்று எனக்குப் பட்டது. மேலே போய், நின்று, இறங்கி வரும் நேரத்தில் மேடையிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" ராகம் பாதியில் அறுந்து, இருவரும் ஒரே பாய்ச்சலில் கெட்டி மேளத்துக்குப் போய்விட்டார்கள். எல்லோரும் எழுந்து அரிசி போட்டார்கள்.

மங்கல வாழ்த்து பாடியவரிடம் போய்ப் பெயர் கேட்டேன். சொன்னார். சொல்லிவிட்டு "எதுக்குங்க?" என்றார். தெரிஞ்சுக்கலாம்னு என்றேன். நம்பவில்லை.

நான்கு நிமிட ராகப் பதிவைக் குழுவில் போட்டேன். இரவு கும்பகோணத்திலிருந்து பதில் வந்தது: "அப்பா கேட்டாரு. சீவாளி புதுசாம், இன்னும் பழகலையாம். தவில்காரர் நல்லா அனுசரிச்சுப் போறாராம். அப்புறம், அது கரகரப்பிரியா இல்லண்ணே. ஆபேரி."

பீம்பிளாஸாக இருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறேன். இரட்டை டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை.