நாய் சிரிக்கிறதா, பல்லைக் காட்டுகிறதா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேள்வி பதில்

மிருகங்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டா என்று கேட்டு எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாளில் நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா மிருகாஸ்பத்திரிகளில் 29 வருடம் வேலை பார்த்தவள் நான். மாடு, ஆடு, நாய் என் துறை. காட்டு மிருகங்களைப் பற்றிப் படித்ததை மட்டும்தான் சொல்ல முடியும். முதலிலேயே ஒன்று, ஏனென்றால் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் பதில்: விளையாடுகிறதா, பயப்படுகிறதா என்று தெரிய வேண்டுமானால் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். திரும்ப உங்களிடமே வந்தால் விளையாட்டு. விலகினாலோ விறைத்து நின்றாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

வேலந்தாவளம், ஆடு வளர்க்கும் தம்பி: எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டினா சிரிக்கும்னு சொல்றாங்களே, நிஜங்களா டாக்டரம்மா?

நிஜம்தான் தம்பி. இந்தத் துறையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவும் 1990களின் கடைசியில் அமெரிக்காவில் செய்தது. எலிகள் கட்டிப் புரண்டு விளையாடும்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு கீச்சொலி எழுப்புகின்றன. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதனால் நமக்கு எதுவுமே கேட்காது. வௌவால் சத்தத்தைக் கேட்க வைத்திருக்கும் கருவியைக் கொண்டுவந்துதான் கேட்டார்கள். அப்புறம் எலியின் பிடரியிலும் வயிற்றிலும் விரலால் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தால் அதே ஒலி, விளையாட்டில் வருவதைவிட அதிகமாகவே வந்தது. கையை எடுத்தால் எலி அந்தக் கையைத் துரத்திக்கொண்டு வந்தது. நான் மேலே சொன்ன சோதனை இதிலிருந்து எடுத்ததுதான். பயத்திலும் வலியிலும் எலி போடுவது வேறு ஒலி, 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம்.

2016ல் பெர்லினில் இன்னொன்று செய்தார்கள். எலியை உயரமான மேடையில் வைத்து, பளிச்சென்று விளக்கைப் போட்டுவிட்டுக் கிச்சுகிச்சு மூட்டினால் அந்தக் கீச்சொலி குறைந்துபோகிறது. பயந்த உடம்புக்குக் கிச்சுகிச்சு ஏறாது. நம் பிள்ளைகளும் அப்படித்தானே, அப்பா மூட்டினால் சிரிக்கும், முன்பின் தெரியாதவர் மூட்டினால் அழும். 2019ல் அதே பெர்லின் குழு எலிகளுக்குக் கண்ணாமூச்சியே கற்றுக்கொடுத்தது. தீனி எதுவும் கொடுக்கவில்லை, கண்டுபிடித்தால் கிச்சுகிச்சு, அவ்வளவுதான் பரிசு. தேடும் முறை வரும்போது சத்தம் போட்ட எலி, ஒளியும் முறை வந்தால் வாயை மூடிக்கொண்டது. உள்ளே தெரியும் கண்ணாடிப் பெட்டியை விட்டுவிட்டு, மறைக்கிற பெட்டிக்குள் போய் ஒளிந்தது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இது சந்தோஷத்துக்கும் விளையாட்டுக்கும் சாட்சி. நகைச்சுவை அதற்கு ஒரு படி மேலே, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வண்ணாமடை, கல்லூரி மாணவி: எங்க சிப்பிப்பாறை நாய் நான் வீட்டுக்கு வந்ததும் பல்லைக் காட்டிச் சிரிக்குது. படம் அனுப்பியிருக்கேன்.

படம் பார்த்தேன் கண்ணு. வால் தாழ்ந்து ஆடுகிறது, உடம்பு நெளிகிறது, காது பின்னால் படிந்திருக்கிறது. இது பணிவுப் பல்காட்டல். சில நாய்கள் தனக்கு வேண்டியவரைப் பார்த்தால் மேலுதட்டைத் தூக்கும், ஆபத்து இல்லை, பாசம்தான். நாயின் உண்மையான சிரிப்புக்குப் பல் வேண்டாம். விளையாட்டு உச்சத்தில் ஹ், ஹ் என்று ஒரு மூச்சு விடும், வெயிலில் இளைப்பதைவிட வேறு மாதிரி. அமெரிக்காவில் ஒரு நாய்க் காப்பகத்தில் இந்த மூச்சொலியைப் பதிவு செய்து ஒலிக்க விட்டபோது நாய்கள் அமைதியாயின. அப்புறம் முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக் கும்பிடுவது போல நிற்குமே, அது 'இனிமேல் நான் செய்வது விளையாட்டு, கடித்தாலும் நிஜக்கடி இல்லை' என்ற அறிவிப்பு.

உடம்பு விறைத்து, கண்ணில் வெள்ளை தெரிந்து, பல்லும் தெரிந்தால் அது எச்சரிக்கை. குழந்தையை உடனே தள்ளிக் கூட்டிப் போங்கள்.

கோபாலபுரம், ஒரு தங்கச்சி: தெருவில் நாங்க சோறு வைக்கிற நாய் ரெண்டு நாளா வாயைத் திறந்தபடியே சிரிச்ச முகமா இருக்கு, எச்சில் ஒழுகுது, குரலும் மாறிடுச்சு. எலும்பு சிக்கியிருக்கும்னு வீட்டுக்காரர் கையை விட்டுப் பார்த்தார். சிரிப்புதானே?

மற்ற கேள்விகளை எல்லாம் நிறுத்திவிட்டு இதற்கு எழுதுகிறேன். இது சிரிப்பு இல்லை. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறினால் வெறிநோய் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வெறிநோய் என்றால் எல்லா நாயும் ஓடிக் கடிக்கும் என்பது தப்பு, இப்படித் தாடை செயலிழந்து சும்மா படுத்திருக்கும் வகையும் உண்டு. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று மாட்டின் வாயிலும் நாயின் வாயிலும் கையை விட்டவர்களை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் இப்போதே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கையைக் கழுவட்டும், கழுவியிருந்தாலும் மறுபடி கழுவட்டும். இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எச்சில் பட்ட விவரத்தைச் சொல்லித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். நகக்கண்ணில் சிறு கீறல் இருந்தாலே போதும், கடிபட்டிருக்க வேண்டியதில்லை. நாயைத் தொடாதீர்கள், கட்டிப் போடவும் போகாதீர்கள், மிருகாஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள். போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

நாட்டுக்கல், ஒரு அண்ணன்: பூனை வேணும்னே டம்ளரைத் தள்ளிவிட்டு என்னைப் பார்க்குது, கிண்டலா?

தள்ளினால் நீங்கள் எழுந்து வருகிறீர்கள் என்று கற்றுக்கொண்டுவிட்டது. டம்ளரை உள்ளே வையுங்கள், தினம் பத்து நிமிடம் ஒரு கயிற்றை ஆட்டி அதோடு விளையாடுங்கள்.

மீனாட்சிபுரம், தமிழாசிரியர்: ஓடுவதும் புரள்வதும் விளையாட்டு. அதை நகைச்சுவை என்று சொல்வது மனிதன் தன் குணத்தை மிருகத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பது இல்லையா, அம்மா?

நல்ல கேள்வி சார். ஏற்றிப் பார்ப்பது நடக்கிறது, அதனால் மிருகங்கள் கஷ்டப்படவும் செய்கின்றன. ஆனால் டார்வின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்த்து எழுதிவிட்டார். நாய்க்கு வெறும் விளையாட்டு அல்லாத ஒரு நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது என்கிறார். குச்சியை எறிந்தால் எடுத்துக்கொண்டு போகும், கொஞ்ச தூரத்தில் தரையில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்காரும், எஜமானன் எடுக்கக் கிட்டே வரும்வரை காத்திருந்து சட்டென்று கவ்விக்கொண்டு ஓடும், அப்புறம் அதையே திரும்பச் செய்யும். எங்கள் வீட்டு மணி என் செருப்பை வைத்து இதைத்தான் செய்கிறான். நான் குனிகிற வரைக்கும் அசைய மாட்டான். கண் செருப்பின் மேல் இல்லை, என் முகத்தின் மேல் இருக்கும்.

நாய்க்கதையை விடுங்கள். 2024ல் வெளிவந்த ஒரு ஆய்வில் சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான் என்ற நான்கு மனிதக் குரங்குகளையும் 75 மணி நேரம் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். சீண்டும் முறைகள் மட்டும் 18 வகை. பொருளை நீட்டிவிட்டுக் கடைசி நொடியில் இழுத்துக்கொள்வது, முடியைப் பிடித்து இழுப்பது, பின்னாலிருந்து குத்திவிட்டு நகர்வது. செய்துவிட்டுச் சீண்டிய குட்டி எதிராளியின் முகத்தைப் பார்க்கிறது, பதில் வராவிட்டால் இன்னும் பலமாகச் செய்கிறது. சண்டை நேரத்தில் இல்லை, எல்லாரும் ஓய்வாக இருக்கும்போது. எட்டு மாதக் குழந்தை மிட்டாயை நீட்டி இழுத்துக்கொண்டு சிரிக்குமே, அதுதான்.

அவரே மறுபடி: சீண்டல் சரி. ஆனால் தொல்காப்பியம் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல் (கேலி), இளமை (பிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன் (மடமை). இந்த நான்கையும் கண்டு உள்ளம் உணர்ந்து சிரிக்க வேண்டும். குச்சியைக் கவ்வி ஓடும் நாய் எதை உணர்ந்தது?

எருத்தேம்பதி, தோப்புக்காரர் ஒருவர் நடுவில்: சார், நாலில் முதலில் நிக்கிறதே எள்ளல்தானுங்களே. எங்க காக்கா நாயோட வாலைப் பின்னாலிருந்து இழுத்துட்டுப் பறக்குது. அது எள்ளல் இல்லாம என்னங்க?

தோப்புக்கார அண்ணன் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் காக்காயை இதில் சேர்க்க மாட்டேன். நாய் தின்னும்போது வாலை இழுத்தால் நாய் திரும்பும், அந்த நேரத்தில் இன்னொரு காக்கா தீனியைத் தூக்கும். அங்கே லாபம் இருக்கிறது. லாபம் இருக்கும் இடத்தில் எள்ளலைத் தேடக் கூடாது. ஆப்பிரிக்கக் கரிச்சானும் அப்படித்தான், பொய்யாக அபாயக் குரல் கொடுத்து மற்ற மிருகங்களை ஓடவைத்து இரையைத் திருடும். கெட்டிக்காரத்தனம், நகை இல்லை.

சார், உங்கள் நான்கையும் வைத்தே பேசுவோம். எள்ளுவதற்கு என்ன வேண்டும்? எதிராளி ஒன்றை எதிர்பார்க்கிறான் என்று தெரிய வேண்டும், அதைக் கெடுக்க வேண்டும், கெட்டதும் அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கையை நீட்டி இழுத்துக்கொள்ளும் குட்டியிடம் மூன்றும் இருக்கிறது. இழுத்ததால் அதற்கு ஒரு வாழைப்பழம்கூட லாபமில்லை.

தமிழாசிரியர்: குரங்கினத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மணி உங்கள் முகத்தைப் பார்ப்பது நீங்கள் கவனிப்பதற்காக. கவனிப்பும் லாபம்தானே, அம்மா?

நியாயமான அடி சார். ரொம்ப நேரம் இதையே யோசித்தேன். மணி விஷயத்தில் கவனிப்புக்காகவும் செய்கிறான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனிப்பு மட்டும் வேண்டுமென்றால் மடியில் தலையை வைத்தால் போதும், அதற்கு நான் எப்போதும் மசிவேன், அவனுக்கும் தெரியும். செருப்பை நான் பார்க்காத மாதிரி இருந்தால் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைக்கிறான், நான் ஏமாறுகிற தூரத்துக்கு. அந்தத் தூரத்தை அளந்து வைக்கிறானே, அதை வெறும் கவனிப்பு ஆசை என்று என்னால் தள்ள முடியவில்லை. எலியிடம் சிரிப்பொலி, மனிதக் குரங்கிடம் சீண்டல், நாய் நடுவில். நகையின் வேர் இவை. ஒரு நாய் இன்னொரு நாய் தடுக்கி விழுந்ததைப் பார்த்து 'மடன்' என்று உணர்ந்து சிரிக்கிறது என்று நான் சொல்லவே மாட்டேன், அந்த மூன்றும் உங்களுடையது. எள்ளலை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

முதலமடை: நெம்மாறை வேலா திருவிழாவில் ஆனை தலையை ஆட்டி ஆட்டி நிற்பது செண்டை மேளத்துக்கு ரசிச்சுத்தானே?

இல்லை. காலில் சங்கிலி கட்டி, நடக்க விடாமல் நிறுத்திய யானை இடைவிடாமல் அசைவது மன உளைச்சலின் அடையாளம். மேளம் இல்லாத கொட்டிலிலும் அதே அசைவு இருக்கும், போய்ப் பாருங்கள். காதை வீசுவது வேறு, அது உடம்புச் சூட்டைத் தணிக்க.

அட்டப்பாடி: தேவாங்குக்குக் கிச்சுகிச்சு மூட்டினா கையைத் தூக்கிச் சிரிக்கிற வீடியோ...

இதையே ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லாருக்கும் சேர்த்து. அந்த வீடியோவில் இருப்பது ஆசியாவின் வேறு பகுதிகளில் வாழும் மந்தத் தேவாங்கு. அதற்கு முழங்கையின் உட்பக்கம் ஒரு சுரப்பி உண்டு, பயந்தால் கையைத் தூக்கி அதை நக்கி எச்சிலோடு கலந்து விஷமாக்கிக் கடிக்கத் தயாராகும். கை தூக்கியது தற்காப்பு. விற்பதற்காகப் பிடிக்கிறவர்கள் அதன் பல்லையே வெட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் இருப்பது மெலிந்த தேவாங்கு, அதற்கென்றே 2022ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அமைத்தார்கள். எந்தத் தேவாங்கையும் வீட்டில் வைப்பது குற்றம். அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கொல்லங்கோடு: நாய் தப்பு செஞ்சிட்டுக் குற்ற உணர்ச்சியோட முழிக்குதே?

2009ல் சோதித்தாகிவிட்டது. வேண்டாம் என்ற தீனியைத் தின்னாத நாயைத் திட்டினாலும் அதே முழி. உங்கள் குரலுக்குப் பயந்த முழி அது. திட்டாதீர்கள்.

பொள்ளாச்சி: குரங்கருவியில் குரங்கு என் பையனைப் பார்த்து இளிச்சது, படம் அனுப்பவா?

வேண்டாம். நாட்டுக் குரங்கு பல்லைக் காட்டுவது பயம் அல்லது பணிவு. பையனைக் கிட்டே விடாதீர்கள், தீனியும் கொடுக்காதீர்கள்.

சித்தூர்: பச்சைக்கிளி எங்கம்மா குரலில் நாயைக் கூப்பிட்டு ஏமாத்துது, எவ்வளவு அறிவு பாருங்க.

கிளிக்கு அறிவு நிறைய. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். திறந்துவிடாதீர்கள், வீட்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. கிளி விளையாட்டைத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் நியூசிலாந்தின் கியா கிளியைப் பற்றிப் படியுங்கள். 2017ல் அதன் விளையாட்டுக் குரலைப் பதிவு செய்து காட்டில் ஒலிக்கவிட்டார்கள், சும்மா உட்கார்ந்திருந்த கியாக்கள் எழுந்து விளையாட ஆரம்பித்தன, துணை இல்லாதது தனியாக வானத்தில் குட்டிக்கரணம் போட்டது. சிரிப்பு தொற்றுகிற மாதிரி.

இன்னும் மூன்று பேர்: எங்க நாய் சிரிக்குது, படம் இணைத்துள்ளேன்.

மேலே வண்ணாமடைப் பெண்ணுக்கு எழுதியதைப் படியுங்கள். இரண்டாவது படத்தில் குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது, நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்குகிறது, கண்ணில் வெள்ளை தெரிகிறது. அந்த நாய் சிரிக்கவில்லை. அந்தக் கையை எடுங்கள்.

கோபாலபுரம் தங்கச்சி, காலையிலிருந்து மூன்று தடவை பார்த்துவிட்டேன், உங்களிடமிருந்து இன்னும் வரி வரவில்லை. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாரா? ராத்திரி ஆகிவிட்டதே, காலையில் போகலாம் என்று இருக்க வேண்டாம், அவசரப் பிரிவு திறந்திருக்கும். சோறு வைத்தது யார் யார், பிள்ளைகள் யாராவது தொட்டார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள். நான் விழித்துத்தான் இருப்பேன்.