ஆங்கிலத்தில் குறில் எது, நெடில் எது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

ஒரே ஆங்கில எழுத்து ஓரிடத்தில் குறிலாகவும் இன்னோரிடத்தில் நெடிலாகவும் வருகிறதே, இதற்கு விதி உண்டா, தமிழ்வழியில் படித்த நான் என் மகனுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ்வழியில் படித்ததை ஒரு குறையாகச் சொல்ல வேண்டாம். பட்டு வேறு, பாட்டு வேறு என்று உங்கள் மகனுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். அளவு அவன் காதில் இருக்கிறது. குழப்பம் ஆங்கில எழுத்தில்தான்.

நான் ஆசிரியர் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது என் அக்கா மகளுக்கு நடந்த ஒரு விஷயம். அக்கா வீடு அம்மாப்பேட்டையில். வீட்டிலேயே தறி, பட்டு நெய்கிறார்கள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாளே என்று ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூட்டிப் போனோம். அக்காவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது, கொண்டை ஊசி வளைவு இருபதும் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். பிள்ளை மட்டும் கையில் இருந்த புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள்.

அங்கே ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 'நான் சேலத்தில் வசிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் முதல் வரி. அவள் 'ஐ லைவ் இன் சேலம்' என்று படித்தாள். எதிரில் இருந்த அம்மையார் அக்காவைப் பார்த்து, 'வீட்டில் தமிழ்தானே பேசுவீர்கள், அதுதான் இப்படி' என்றார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம், 'அவ என்னடா தப்பு பண்ணா?' என்று கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அவள் விதிப்படிதான் படித்தாள்.

விதி இதுதான். ஒற்றை உயிரெழுத்துக்குப் பின்னால் ஒரு மெய் வந்து சொல் முடிந்தால் பெரும்பாலும் குறில்: பிட், நாட், கட். நாட் என்று நாம் நீட்டி எழுதினாலும் ஆங்கிலத்தில் அது குறில்தான். அதே சொல்லின் கடைசியில் ஒலிக்காத ஒரு 'ஈ' எழுத்து வந்து உட்கார்ந்தால் நெடில்: பைட், நோட், க்யூட். மெய் இரட்டித்தால் மறுபடி குறில்: ஒரு 'என்' போட்டால் டைனர், இரண்டு போட்டால் டின்னர். ஃபைவ், டிரைவ், டைவ் எல்லாம் இப்படித்தான் போகின்றன. அந்த வழியிலேயே போன குழந்தை லைவ் என்று படித்தாள். 'நேரலை' என்ற பொருளில் அதே எழுத்துக்கள் வந்தால் இன்றைக்கும் அது லைவ்தானே.

அப்புறம் ஏன் லிவ்? ஒரு காலத்தில் 'யு'வும் 'வி'யும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தின் இரண்டு வடிவம். அதனால் 'வி'யில் ஒரு சொல்லை முடிக்கும் வழக்கமே அங்கே இல்லை, பின்னால் ஒரு 'ஈ' சேர்த்துவிடுவார்கள். கிவ், லவ் என்று வருவதெல்லாம் அந்தக் கணக்கு. அந்த 'ஈ' நெடிலாக்க வந்ததல்ல. இதை அந்த அம்மையார் ஒரு வரியில் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம்.

நெடில் ஏன் இழுப்பாக இல்லாமல் வேறு ஒலியாகவே மாறிவிடுகிறது என்றும் உங்கள் மகன் கேட்பான். கேட்டால் சொல்லுங்கள்: 1400 வாக்கில் ஆங்கிலேயர்கள் டைம் என்பதை டீம் மாதிரிதான் சொன்னார்கள், ஹவுஸ் என்பதை ஹூஸ் என்று. நேம் என்பது நாமெ, கடைசி 'ஈ' வாயில் ஒலித்தது. 1700க்குள் நெடில்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. நடுவில் 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அச்சில் ஏறிய எழுத்து அப்படியே நின்றுவிட்டது, வாய் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நம் ஓலைச்சுவடியிலும் எ, ஏ இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம், ஓலையில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அதைச் சரிசெய்தார் என்று படிக்கிறோம். ஆங்கில நெடிலுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

சொல்லித் தர நான் செய்தது இதுதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மாத்திரை என்பது கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. தறிக்குழிப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவளை நொடிக்கச் சொன்னேன். சொல்லின் முதல் உயிரொலிக்கு மட்டும்தான் கணக்கு. பட்டு, ஒரு நொடி. பாட்டு, இரண்டு. ஷிப், ஒன்று. ஷீப், இரண்டு. ஃபில், ஃபீல். ஃபுல், ஃபூல். கட்டைவிரலும் நடுவிரலும் சிவக்கும்வரை நொடித்தாள். அக்கா நாடாவைக் கையிலேயே பிடித்தபடி தறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவளும் நொடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உடனே யாராவது வந்து, ஷிப்பும் ஷீப்பும் நீளத்தில் மட்டும் வேறல்ல, நாக்கு நிற்கும் இடமும் வேறு என்பார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பூனையைச் சொல்லும் 'கேட்'டுக்கும் வாசல் 'கேட்'டுக்கும் உள்ள உயிரொலி வேறுபாட்டைத் தமிழில் எழுதவே முடியாது, அதை வாயைத் திறந்து காட்டித்தான் பழக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் ஆரம்பிக்கிற பிள்ளைக்குக் கையில் இருப்பதை வைத்துத்தான் ஆரம்பிக்க முடியும். நான் தமிழ்ப் பெருமை பேசுகிறேன் என்று சொல்பவர்கள் தங்கள் பிள்ளைக்கு ஒருமுறை இப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டு வரட்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் இப்போது டவுனில் வேறொரு பள்ளியில் படிக்கிறாள். அங்கே பெற்றோர் கூட்டம் என்றால் வேலை நாளில் பதினோரு மணிக்கு வைக்கிறார்கள். தறியில் உட்கார்ந்தால்தான் அக்காவுக்குக் கூலி. போகாவிட்டால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் திறந்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'ஓ' எழுத்து இரண்டு சேர்ந்து வரும் சொற்களுக்கு விதியைத் தேடி அலைய வேண்டாம். புக் குறில், மூன் நெடில், பிளட்டும் குறில்தான், ஆனால் ஒலியே வேறு. இவற்றைத் தனித்தனியாகப் பழக்குங்கள். சந்தேகம் வந்தால் ஒலிக்குறி போட்ட பிரிட்டிஷ் ஆங்கில அகராதியைப் பாருங்கள். உயிரொலிக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி இருந்தால் அது நெடில். பைட், நோட் மாதிரிச் சொற்களில் புள்ளி இருக்காது, இரண்டு உயிர்க்குறி சேர்ந்து நிற்கும். இதை அவனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவனே பார்த்துக்கொள்வான்.