வாசகர் கேள்விகள்: நாய் நிற்கும் இடத்தில் நானும் நிற்பேன்

வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் நாட்களில் அவர்கள் வீட்டிலேயே தங்கி, நாய் பூனைகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 24 வயது. ஊர் சுற்றப் பிடிக்கும், நாய்களும் பிடிக்கும். உங்கள் வேலையை நானும் செய்யலாமா? அம்மா, "அடுத்த வீட்டு நாய்க்குச் சோறு வைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்கிறார்.
– வாசகி, வெள்ளவத்தை

தாராளமாகச் செய்யலாம், தங்கச்சி. ஆனால் "ஊர் சுற்ற" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். நானும் அந்த ஆசையோடுதான் வந்தேன். கொட்டாஞ்சேனையில் முற்றமே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஞாயிறு விடிந்தால் காலி முகத்திடல் வரை நடந்து போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தே வருவேன்.

முதல் வேலை நுகேகொடையில் கிடைத்தது. காலையில் ஐந்து கிலோமீற்றர் நடப்பது என்று மனதில் கணக்குப் போட்டிருந்தேன். அந்த நாயோ முதல் லைட் போஸ்டிலேயே நின்றுவிட்டது. பிறகு ஒரு ஜாம் மரத்தடி, அதன் பிறகு யாரோ வீட்டு மதில் மூலை. நான் சங்கிலியை இழுத்து இழுத்து நடத்தினேன். மூன்றாம் நாள் சங்கிலியைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று பின்னேரம் அது நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன். முக்கால் மணித்தியாலத்தில் நாங்கள் போனது ஒரு ஒழுங்கையின் முனை வரைதான். ஆனால் அந்த ஒழுங்கை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எந்தக் குசினியில் எத்தனை மணிக்கு வெங்காயம் தாளிக்கிறார்கள், காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோ எந்த வளைவில் திரும்புகிறது, அந்தப் பாட்டுக்கு எந்த வீட்டு நாய் ஊளையிடும் என்பதெல்லாம் தெரியும். இந்தத் தொழிலில் கிடைக்கிற ஊர் சுற்றல் அப்படிப்பட்டது. அதே தெருவில் தினமும் இரண்டு முறை, நாயின் வேகத்தில் நடக்க உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். பிடித்தால் இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறைகளில் ஆட்களுக்கு "இடமில்லை" என்று சொல்ல வேண்டி வரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெள்ளவத்தையில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில்தான். மே, ஜூன் மழையில் வேலை குறைவு. அந்த மாதங்களில் நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவை ஒரு நாள் உங்களோடு கூட்டிப் போங்கள். முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று வீட்டுத் திறப்பை மகளின் கையில் கொடுப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

நல்லூருக்குப் போகிறோம். எங்கள் பூனையை என் அக்கா வீட்டில் விடவா, தொடர்மாடியிலேயே விட்டு ஆள் வைக்கவா?
– வாசகர், பம்பலப்பிட்டி

வீட்டிலேயே விடுங்கள். நாய்க்கு ஆட்கள் முக்கியம், பூனைக்கு இடம் முக்கியம். புது வீட்டில் அது பயந்து, கண்ட துவாரத்தில் புகுந்துவிடும். தன் வீட்டிலேயேகூடப் புது ஆளைக் கண்டால் ஒளியும். போன வருடம் ஒரு பூனையை முழுப் பகலும் காணாமல் தேடினேன். கடைசியில் வோஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. நான் கூப்பிடவில்லை. பக்கத்தில் நிலத்தில் இருந்து சத்தமாகப் பத்திரிகை வாசித்தேன். இரவு பத்து மணிக்கு வந்து கால் பக்கம் படுத்தது.

ஒளிவது பரவாயில்லை, சாப்பிடாமல் இருப்பதுதான் ஆபத்து. ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மிருக வைத்தியரோடு கதைக்க வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். போகும் முன் பல்கனிக்கு வலை அடியுங்கள். பூச்சாடியில் லில்லிப் பூ இருந்தால் அகற்றுங்கள், அதன் மகரந்தமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்பு சுடுகிறதே என்று யாரும் பனடோல் கொடுக்கக் கூடாது. கால் குளிசைகூடப் பூனைக்கு நஞ்சு. இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

நாயோடு நடக்கும்போது கட்டாக்காலி நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. என்ன செய்வது? நாயைக் கூட்டிப் போக நல்ல இடம் எது?
– வாசகர், பத்தரமுல்லை

ஓடாதீர்கள். நின்று, உங்கள் நாயைக் காலோடு அணைத்து, மற்ற நாய்களின் கண்ணைப் பார்க்காமல் மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். தெரு நாய்களுக்கு அந்தத் தெருவே வீடு. நாம்தான் உள்ளே வந்தவர்கள். எனக்கு ஒரு முறை கெண்டைக்காலில் கடி விழுந்தது. சின்னப் பல்லடையாளம்தானே என்று விடவில்லை. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போனேன். தடுப்பூசி அங்கே இலவசம். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், அதனால் சிறு கீறலானாலும் போங்கள். உங்கள் நாய்க்கு வருடாந்த ஊசி தவறக் கூடாது.

இடம் என்று கேட்டால், விடியற்காலையில் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய வீதிகளைச் சொல்வேன். வெள்ளவத்தைக் கடற்கரை அழகுதான், ஆனால் தண்டவாளம் பக்கத்திலேயே ஓடுகிறது. ரயில் ஹோர்ன் அடித்தால் அமைதியான நாயும் திமிறும். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றாதீர்கள், விரல் முறியும். அகலமான கைப்பிடியைப் பிடியுங்கள். வெயில் ஏறினால் புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

பெத்தகான சதுப்பு நிலப் பூங்காவுக்கு நாயைக் கொண்டு போகாதீர்கள். அங்கே நான் வேலை முடிந்த பிறகு தனியாகப் போவேன். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை என்ற காட்டு விலங்கு இன்னமும் வாழ்கிறது. நான் கண்டதில்லை. சேற்றில் பாதத்தடம் இருக்குமா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன்.

மற்றவர் வீட்டு விலங்குகளிடம் இவ்வளவு பாசம் வைத்துவிட்டு எப்படிப் பிரிந்து வருகிறீர்கள்?
– வாசகி, தெஹிவளை

உங்கள் ஊரிலேயே ஒரு நாயை ஆறு வருடமாகப் பார்த்து வருகிறேன். முதல் வருடம் இருவரும் கடல் வரை போவோம். அலை வந்தால் குரைக்கும், அலை திரும்பினால் துரத்தும். பிறகு அதன் பின்கால்கள் பலவீனமாகி, காலி வீதியைத் தாண்டுவதை நிறுத்தினோம். அதன் பிறகு சந்திக் கடை வரை போனோம். கடைக்காரர் ஒரு பிஸ்கட் வைத்திருப்பார். போன மார்கழியில் அது கேற்றைத் தாண்டவில்லை. கேற்றடியில் படுத்து, மூக்கை மட்டும் கம்பிக்கு வெளியே நீட்டி, தெருவில் போகும் எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டிருந்தது. நானும் பக்கத்தில் சீமெந்துத் தரையில் இருந்தேன், காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். நடையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

வருகிற மாதம் மறுபடி போகிறேன். எனக்காகக் கேற்றடியில் ஒரு சின்னக் கதிரை வாங்கிப் போட்டிருப்பதாக வீட்டுக்கார அம்மா சொன்னார்.