வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: 1930-இல் தொடங்கிய செண்டெரோ நீர்மின் நிலையம் இன்னும் ஓடுகிறதாமே, அதனால் லாபம் உண்டா? எரிபொருள் செலவில்லாத மின்சாரம் இவ்வளவு அருகில் இருந்தும் நம் மின்கட்டணம் ஏன் குறையவில்லை?
(வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்)

பதில்: லாபம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தருவதற்காகவே பேராக் ஆற்றின் குறுக்கே ஒரு தனியார் நிறுவனம் கட்டிய அணை அது. நீர்மின் நிலையத்தில் பெருஞ்செலவு கட்டும்போதே முடிந்துவிடுவதால், அந்த முதலீடு மீண்டுவிட்ட பிறகு ஆண்டுதோறும் எஞ்சுவது ஆள்கூலியும் பராமரிப்பும் மட்டுமே.

ஆனால் அந்தப் பராமரிப்பை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நீரின் வேகத்தில் சுழலும் சுழலியின் (டர்பைன்) இலைகளுக்குப் பின்னால் நீரின் அழுத்தம் குறையும்போது உண்டாகும் குமிழிகள் வெடித்து வெடித்து, இரும்பை அம்மைத் தழும்புபோல் அரித்துவிடும். அப்போது இயந்திரத்தை நிறுத்தி, நீரை வடித்து, குழிகளை வெல்டிங் செய்து நிரப்பி, பழைய வளைவு மாறாதபடி தேய்த்தெடுக்க வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மின்னாக்கியின் செப்புக் கம்பிச் சுற்றுகளையும் மாற்றியாக வேண்டும். வெள்ளத்தில் அடித்து வரும் மரக்கட்டைகளும் ஆகாயத்தாமரையும் நீர் புகும் வாயிலின் இரும்புச் சட்டங்களை அடைத்துக்கொள்ளும்; அவற்றை அகற்றுவது ஓயாத வேலை. இவற்றைச் செய்பவர்களின் உழைப்பால்தான் அந்த நிலையம் இன்றும் ஓடுகிறது என்பதை நன்றியோடு சொல்ல விரும்புகிறேன்.

செண்டெரோவுக்கு வாய்த்த இன்னொரு நன்மை, ஆற்றின் மேற்பகுதியில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் அணைகள் பின்னாளில் கட்டப்பட்டதுதான். தெமெங்கோரின் பெரிய நீர்த்தேக்கம் மழைக்கால வெள்ளத்தைத் தேக்கிவைத்துச் சீராக விடுவதால், ஒரே நீர் நான்கு இடங்களில் மின்சாரமாகி, வீணாக வழிந்தோடுவதும் குறைகிறது.

கட்டணத்துக்கு வருவோம். நொடிக்கு 100 கன மீட்டர் நீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், இழப்புகள் போகக் கிடைப்பது ஏறக்குறைய 17 மெகாவாட் மட்டுமே. செண்டெரோவின் முழுத் திறன் சுமார் 40 மெகாவாட். தீபகற்ப மலேசியாவின் உச்ச மின்தேவையோ 20,000 மெகாவாட்டை ஒட்டியது. அந்தத் தேவையின் பெரும்பங்கை நிலக்கரியும் எரிவாயுவும் நிறைவு செய்கின்றன. எல்லா மின்சாரமும் ஒரே மின்கம்பிக் கட்டமைப்பில் கலந்து, மொத்தச் செலவின் அடிப்படையில் கட்டணம் அமைவதால், அணைக்கு அருகில் குடியிருப்பவருக்கென்று தனிச் சலுகை கிடைப்பதில்லை.