ஆட்டுக்குட்டிப் பாட்டு எழுதிய சாரா ஹேல் வேறு என்ன செய்தார்?

பிள்ளையின் பள்ளி ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' வெளிவந்தது 1830-இல். ஆனால் தயவுசெய்து அதோடு நிறுத்திவிடாதீர்கள். இதில் எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது.

ஒரு பெண்கள் இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். மகளிர் தினச் சிறப்பிதழுக்கு சாரா ஜோசபா ஹேல் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 1822-இல் கணவர் இறந்தபோது கையில் நாலு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. 1827-இல் நாவல் எழுதினார். அடுத்த வருடமே அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பெண்கள் இதழுக்கு ஆசிரியர். ஆங்கிலேய இதழ்களில் வந்ததை எடுத்துப் போட்டே பக்கத்தை நிரப்பிய காலம் அது. இவர் சொந்த நாட்டுக்காரர்களிடம் புதிதாக எழுதி வாங்கினார். 1837 முதல் நாற்பது வருடம் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் இதழின் ஆசிரியர். 1860 வாக்கில் அது ஒன்றரை லட்சம் பிரதி விற்றது. நன்றியறிதல் நாளை (தேங்க்ஸ்கிவிங்) தேசிய விடுமுறையாக்கச் சொல்லி வருடக்கணக்கில் எழுதியவர், 1863 செப்டம்பர் 28-இல் அதிபர் லிங்கனுக்கே கடிதம் போட்டார். அக்டோபர் 3-இல் அறிவிப்பு வந்தது.

இதழ் அச்சாகி வந்ததும் புரட்டினேன். நாலு பக்கம் ஒரு பக்கமாகியிருந்தது. கணவர் இறந்ததும் ஆட்டுக்குட்டியும் மட்டும் பத்திரமாக இருந்தன. லிங்கன் இருக்க வேண்டிய இடத்தில் பூசணிக்காய் அல்வா செய்முறை! கட்டுரைக்குக் கீழே என் பெயரும் இல்லை. கேட்டதற்கு, "வாசகிகளுக்கு இவ்வளவு போதும்மா" என்றார்கள்.

பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்றவர்தானே என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஆமாம், அப்படித்தான் சொன்னார். அதே ஆள்தான் பெண்கள் டாக்டருக்குப் படிக்க வேண்டும், பெண்களுக்காகத் தொடங்கிய வாசர் கல்லூரியில் பெண் ஆசிரியர்கள் வேண்டும் என்றும் எழுதினார். நான் அவருக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை, செய்த வேலையைச் சொல்லுங்கள் என்கிறேன்.

ப்ராஜெக்ட்டில் சேர்க்க ஒன்று: அவர் 89 வயதில் ஓய்வு பெற்ற 1877-இல்தான் எடிசன் தன் ஒலிப்பதிவுக் கருவியில் அந்தப் பாட்டைச் சொல்லிப் பார்த்தார்.

அப்புறம், அந்த ஒரு பக்கக் கட்டுரை இப்போதும் மார்ச் மாதம் வாட்ஸ்அப்பில் வருகிறது, 'படித்ததில் பிடித்தது' என்று. எங்கே படித்தீர்கள் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? அதற்கான சன்மானமே எனக்கு இன்னும் வரவில்லை.