டிரெய்லர் இழுக்கும்போது பிக்கப்பின் ஆட்டோ கியர்பாக்ஸ் சூடாகிறது, என்ன செய்வது?

மலேசியாவில் தாப்பாவிலிருந்து ரிங்லெட் செல்லும் மலைப்பாதையில் உரமூட்டை டிரெய்லரை இழுத்தால் பாதி வழியில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். சூட்டின் பிறப்பிடம் டார்க் கன்வர்ட்டர், அதாவது இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். பாரத்தோடு மெதுவாக ஏறும்போது அது பூட்டிக்கொள்ளாமல் (இரு பக்கமும் ஒன்றாகச் சுழலாமல்) எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கிறது. இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு வெறும் சூடாகிவிடுகிறது.

ஆகவே மேடு தொடங்கும் முன்பே கையால் கியரைக் குறையுங்கள். இன்ஜின் இரைந்தால் இரையட்டும். கியர் மேலும் கீழும் தாவுவதுதான் கெடுதல். மேட்டில் நிற்க நேர்ந்தால் பிரேக்கை மிதியுங்கள், ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி, கியரை ‘பி’யில் (பார்க்) போட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் பம்ப் நின்று எண்ணெய்ச் சுழற்சியும் நின்றுவிடும்.

டிரெய்லர் எடை கையேட்டு வரம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் சூடேறினால் தனி ஆயில் கூலர் பொருத்துங்கள். ரேடியேட்டரில் உள்ள கூலரைத் தாண்டி வரும் எண்ணெய் இதன் வழியே கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். தோட்டப் பாதையில் ஓடும் வண்டியல்லவா, முன்கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: தகடுகளுக்கிடையே செம்மண்ணும் செத்த பூச்சிகளும் அப்பிக் கிடந்தால் எந்தக் கூலரும் வேலை செய்யாது.

கியர்பாக்ஸ் எண்ணெய் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விரைவில் கெடும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். கரும்பழுப்பாக, கருகிய வாடையோடு இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆயுள் முழுவதும் மாற்றவே வேண்டாம் என்று பட்டறையில் சொன்னால், பாரம் இழுக்கும் வண்டிக்கு அது பொருந்தாது.